மேசைக்குப் பின்னால் ஒரு திகில் எழுத்தாளர்

கேள்வி: அமெரிக்காவில் திகில் கதை எழுதுகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று கன்வென்ஷன்களுக்குச் சொந்தக் காசில் போய்வருகிறார்கள். அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் ஆகாதா?

கன்வென்ஷன் என்றால் எழுத்தாளர்களும் வாசகர்களும் வார இறுதியில் ஒரு ஹோட்டலில் கூடும் மாநாடு. சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவருக்குத் துணையாக நான் சில கன்வென்ஷன்களில் புத்தக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹோட்டலில் புத்தகம் விற்கும் கூடத்துக்கு டீலர்ஸ் ரூம் என்று பெயர். வெள்ளிக்கிழமை காலை அங்கே ஆறு பெட்டி இறக்குவோம். ஞாயிறு மதியம் ஏறக்குறைய ஐந்து பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றுவோம். கடைசி ஒரு மணி நேரத்தில் வாசகர்கள் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கூடத்தில் மிச்சமிருப்பது எழுத்தாளர்கள் மட்டும்தான். அப்போது ஒரு பண்டமாற்று நடக்கும். "உன் புத்தகம் ஒன்று கொடு, என்னுடையதை எடுத்துக்கொள்." விற்காத புத்தகங்கள் மேசைக்கு மேசை கைமாறும். மிஞ்சிய எடை குறையவே குறையாது, உள்ளே இருக்கும் பெயர்கள்தான் மாறியிருக்கும். என் அலமாரியில் உள்ள நல்ல புத்தகங்களில் பாதி அந்த ஞாயிறு மதியங்களில் வந்தவை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். எழுத்தாளர் தன் புத்தகத்தைப் பதிப்பகத்திடம் பாதி விலைக்கு வாங்கி 16 டாலருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்கு 8 டாலர் நிற்கும். வார இறுதியில் 25 பிரதி விற்றால் மேசைக்குப் பின்னால் எல்லோரும் கை குலுக்குவார்கள். ஆகமொத்தம் 200 டாலர். நுழைவுக் கட்டணம், மேசை வாடகை, மூன்று இரவு ஹோட்டல், விமானம், சாப்பாடு என்று போட்டால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வேறு மாநிலத்தில் விற்றால் அந்த மாநிலத்தின் விற்பனை வரிக்குத் தற்காலிக அனுமதி வாங்க வேண்டிய வேலை தனி. கதை எழுதி வரும் பணமாவது இதை ஈடுகட்டுமா என்றால், அதுவும் சிரமம்தான். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் 2019-ல் தொழில்முறைக் கூலியாக வைத்தது சொல்லுக்கு 8 சென்ட். அந்த விகிதத்தில் 4,000 சொல் கதைக்கு 320 டாலர் வரும். அதைக் கொடுக்கிற பத்திரிகைகளை எண்ண அதிக நேரம் ஆகாது. இந்தத் துறையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது: பள்ளி ஆசிரியர், நூலகர், மென்பொருள்காரர், நர்ஸ்.

இது தொழிலா பொழுதுபோக்கா என்ற சந்தேகம் அமெரிக்க வருமான வரித் துறைக்கும் உண்டு. ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது லாபம் காட்டினால் இதைத் தொழில் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால், இது பொழுதுபோக்கு இல்லை என்று நிரூபிக்கிற வேலை நம் தலையில். கன்வென்ஷன் ரசீதுகளைப் பத்திரமாக வைக்காத எழுத்தாளர் பாடு திண்டாட்டம்தான். சரி, அதை விடுங்கள்.

பணத்தை மட்டும் பார்த்தால் போகவே கூடாது. ஆனாலும் போகிறார்களே என்றால், அதற்கான காரணம் கன்வென்ஷன்களுக்கும் முந்தையது.

1933-ல் மில்வாக்கியில் ராபர்ட் ப்ளாக் என்ற பதினாறு வயதுப் பையன், ப்ராவிடன்ஸ் நகரிலிருந்த திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டுக்கு ஒரு கடிதம் போட்டான். உங்கள் பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. லவ்கிராஃப்ட் தன் கதைகளையே படிக்க இரவல் தருவதாகப் பதில் எழுதினார். நீயும் எழுதிப் பார் என்றும் தூண்டினார். அடுத்த வருடமே அந்தப் பையனின் கதையை 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகை வாங்கியது. 1935-ல் ப்ளாக் ஒரு குறும்பு செய்தான். ஒரு கதையில் லவ்கிராஃப்ட் மாதிரியே ஒரு பாத்திரத்தைப் படைத்து, கோரமாகக் கொன்றுவிட்டான். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தான். லவ்கிராஃப்டும், உன் இஷ்டப்படி கொன்றுகொள் என்ற பொருளில், கற்பனைச் சாட்சிகளின் கையெழுத்தோடு ஒரு அனுமதிப் பத்திரமே அனுப்பிவைத்தார். பிறகு சும்மா இருப்பாரா? தன் அடுத்த கதையில் ராபர்ட் ப்ளேக் என்று ஒரு இளம் எழுத்தாளனை வரவழைத்து, அவனைத் தீர்த்துக்கட்டினார். ப்ளேக்குக்குக் கதையில் அவர் கொடுத்த முகவரி, ப்ளாக் அப்போது மில்வாக்கியில் குடியிருந்த வீட்டினுடையது.

இவ்வளவு நடந்தும் இருவரும் நேரில் ஒரு முறைகூடச் சந்திக்கவில்லை. 1937 மார்ச்சில், 46 வயதில் லவ்கிராஃப்ட் இறந்துபோனார். 'கோனன்' கதைகளை எழுதிய, டெக்ஸஸில் இருந்த ராபர்ட் ஈ. ஹோவர்டும் லவ்கிராஃப்டும் ஆறு வருடம் பக்கம் பக்கமாகக் கடிதத்தில் சண்டை போட்டார்கள், அவர்களும் சந்தித்ததில்லை. ஹோவர்ட் 1936-ல் இறந்தபோது 'வியர்ட் டேல்ஸ்' அவருக்குப் பெரிய தொகை பாக்கி வைத்திருந்தது. பத்திரிகைக்காரன் பணம் தரமாட்டான், ஊரில் யாருக்கும் இந்தக் கதைகள் புரியாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தபால்காரர் கொண்டுவந்த கட்டுதான் சக எழுத்தாளர்கள் இருக்கும் உலகம்.

அந்தக் கடித நட்பு இல்லாவிட்டால் லவ்கிராஃப்டின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது என்பது என் கருத்து. அவர் இறந்த பிறகு, ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரே என்ற இரண்டு கடித நண்பர்கள் அவர் கதைகளைத் தொகுத்தார்கள். பெரிய பதிப்பகங்கள் கையை விரித்ததும், 1939-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் சாக் சிட்டியில் ஆர்க்கம் ஹவுஸ் என்று தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். முதல் புத்தகம் 1,268 பிரதி, விலை 5 டாலர். விற்றுத் தீரப் பல வருடம் பிடித்தது. டெர்லெத்தும் லவ்கிராஃப்டை நேரில் பார்த்தவரில்லை.

கடிதத்தில் இருந்த கூட்டம் மெல்ல மெல்ல அறைக்குள் வந்து உட்கார்ந்தது. 1939-ல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைவு கன்வென்ஷனுக்குச் சுமார் 200 பேர் வந்தார்கள். திகிலும் மாயப் புனைவும் தனியாகக் கூடியது 1975-ல், முதல் வேர்ல்ட் ஃபேண்டஸி கன்வென்ஷனில். இடம் ப்ராவிடன்ஸ், லவ்கிராஃப்டின் ஊர். சிறப்பு விருந்தினர் யார் என்கிறீர்கள்? அதே ராபர்ட் ப்ளாக்! இதற்குள் அவர் 'சைக்கோ' நாவலின் ஆசிரியர். (திரைப்பட உரிமை 9,500 டாலருக்குப் போனது. வாங்குவது இயக்குநர் ஹிட்ச்காக் என்று அப்போது அவருக்குத் தெரியாது.) அந்த முதல் வருடம் வாழ்நாள் சாதனை விருதும் அவருக்கே. விருது என்பது ஓவியர் கேகன் வில்சன் செய்த ஒரு மார்பளவுச் சிலை. லவ்கிராஃப்டின் நீண்ட முகம், கொஞ்சம் கேலிச்சித்திரச் சாயலில். பதினாறு வயதில் கடிதம் போட்டு, கடைசிவரை நேரில் பார்க்காத மனிதரின் தலையை, 58 வயதில் அந்த மனிதரின் ஊரிலேயே வைத்து ப்ளாக் கையில் வாங்கினார். இதைக் கதையாக எழுதினால், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நம்பமுடியவில்லை என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தக் கன்வென்ஷனைத் தலைமையேற்று நடத்திய கர்பி மெக்காலி ஒரு இலக்கிய முகவர். 1980-ல் அவர் தொகுத்த 'டார்க் ஃபோர்சஸ்' திகில் தொகுப்புகளில் ஒரு மைல்கல். ஸ்டீஃபன் கிங்கின் 'தி மிஸ்ட்' முதலில் வெளிவந்தது அதில்தான். தொகுப்பு என்பது இந்தத் துறையில் இப்படித்தான் உருவாகிறது. ஒரு எடிட்டருக்கு இருபது பேரைத் தெரிந்திருக்கும், அவர்களை அழைப்பார். பொது அறிவிப்பு வந்தாலும் வந்து குவியும் நூற்றுக்கணக்கான கதைகளுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று இடங்கள்தான். மீதி ஏற்கெனவே அழைப்பில் நிறைந்திருக்கும். இதைச் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. எடிட்டர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். சொன்ன தேதிக்குக் கதை தருவாரா, திருத்தம் சொன்னால் முகம் சுளிப்பாரா என்பதெல்லாம் கதையைப் படித்துத் தெரிகிற விஷயங்கள் இல்லையே.

இந்தத் தெரிந்துகொள்ளல் நடக்கும் இடம் மேடை இல்லை. பேனல் என்ற கலந்துரையாடல்கள் காலை முதல் இரவு வரை ஒரு மணிக்கு ஒன்றாக ஓடும். "நகரத்தில் பேய்", "உடல் திகில்" என்று தலைப்புகள். ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மட்டும் மைக்கை விடமாட்டார். கூட்டம் உண்மையில் சேர்வது ஹோட்டல் பாரில். நுழைவுச் சீட்டே வாங்காமல் மூன்று நாளும் பாரிலேயே கழிப்பவர்களுக்காக 'பார்கான்' என்றே ஒரு சொல் புழங்குகிறது. குடிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், பாதிப் பேர் கையில் சோடாதான் இருக்கும். நள்ளிரவுக்கு மேல் பேச்சு எதைப் பற்றி என்று ஊகிக்கிறீர்களா? பேயைப் பற்றி இருக்கவே இருக்காது. எந்தப் பதிப்பகம் ராயல்டி கணக்கை ஒழுங்காக அனுப்புகிறது, எது ஆறு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை, எந்த ஒப்பந்தத்தில் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பிவரும் பிரிவு இல்லை, இவைதான். இந்தத் தகவல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அந்த பாரில் கேட்ட ஒரு வாக்கியத்தால் மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் தப்பியவர்களில் என் நண்பரும் ஒருவர். அவர் அந்த வருடம் கன்வென்ஷனில் இழந்த 900 டாலரை அப்புறம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

1990-களின் நடுவில் இந்தத் தொடர்பு வாழ்வா சாவா என்ற பிரச்சினையாகவே ஆனது. எழுபதுகளில் தொடங்கிய திகில் அலை எண்பதுகளில் உச்சத்துக்குப் போய், கடைகளில் எலும்புக்கூடு அட்டைகள் குவிந்து, வாசகர்களுக்குத் திகட்டிப்போனது. பெரிய பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகத் திகில் வரிசைகளை இழுத்து மூடின. புத்தக முதுகில் 'ஹாரர்' என்ற சொல் போய் 'சஸ்பென்ஸ்', 'த்ரில்லர்' வந்தது. பலர் எழுதுவதையே விட்டார்கள். தாக்குப்பிடித்தவர்களைத் தாங்கியது சிறு பதிப்பகங்கள். ரிச்சர்ட் சிஸ்மர் 1988-ல் பத்திரிகையாகத் தொடங்கிய செமட்டரி டான்ஸ் அவற்றில் முக்கியமானது. இந்தப் பதிப்பகங்களின் பிழைப்பு கையெழுத்திட்ட வரம்புப் பதிப்புகளில் இருந்தது. 500 பிரதி எண்ணிட்டு, 26 பிரதி ஏ முதல் இஸட் வரை எழுத்திட்டு, தோல் அட்டை போட்டு, சேகரிப்பாளர்களுக்கு நல்ல விலைக்கு விற்பார்கள்.

அந்தக் கையெழுத்து வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புத்தகம் கட்டுவதற்கு முன்பே கையெழுத்துத் தாள்கள் மட்டும் தனியாக அச்சாகி வரும். தொகுப்பில் பதினைந்து எழுத்தாளர்கள் என்றால் ஒவ்வொரு தாளிலும் பதினைந்து கோடுகள். 600 தாள்கள் கொண்ட கட்டு முதல் எழுத்தாளர் வீட்டுக்குப் போகும், அவர் போட்டு இரண்டாமவருக்கு அனுப்புவார். ஆளுக்கு இரண்டு வாரம் என்றாலும் முப்பது வாரம் ஆகும். முதல் ஐம்பது தாள்களில் முழுப்பெயர் தெளிவாக இருக்கும். இருநூறில் கடைசிப் பெயரின் பாதி கரையும். நானூறுக்கு மேல் ஒரு கொக்கியும் ஒரு வாலும்தான். மை காயும்வரை தாள்களைச் சாப்பாட்டு மேசை, கட்டில், தரை என்று பரப்பியிருப்பார்கள். வீட்டில் பூனை இருந்தால் தனி அறை. கெட்டுப்போகும் என்று தெரிந்தே கூடுதலாகத் தாள் அச்சடிப்பது வழக்கம். காபிக் கறை, மழையில் நனைந்த பெட்டி, தபாலில் தொலைந்த கட்டு எல்லாம் உண்டு. கட்டு வந்துசேர்வதற்குள் எழுத்தாளர் இறந்துபோவதும் உண்டு. இறந்தவரின் கையெழுத்து வேண்டும் என்பதற்காக, வங்கியில் பணமாக்கப்பட்டுத் திரும்பிய அவருடைய பழைய காசோலைகளிலிருந்து வெட்டி ஒட்டிய வரம்புப் பதிப்புகளையும் சேகரிப்பாளர்கள் அறிவார்கள். பேய்க் கதைக்காரர்களுக்குக்கூட இது கொஞ்சம் அதிகம்தான்.

விருதுகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நட்பும் போட்டியும் மோதுவது அங்கேதான். ஹாரர் ரைட்டர்ஸ் அசோசியேஷன் என்ற திகில் எழுத்தாளர் சங்கம் எண்பதுகளில் உருவானது. யோசனை ராபர்ட் மெக்காமனுடையது, முதல் தலைவர் டீன் கூன்ட்ஸ். ப்ராம் ஸ்டோக்கர் விருது கொடுக்கலாம் என்றபோது, இது ஒருவரோடு ஒருவரை மோதவிடும் என்று உறுப்பினர்கள் சிலரே தயங்கினார்கள். அதனால் 'சிறந்த நாவல்' என்று சொல்லாமல் 'உயர்ந்த சாதனை' என்று வைத்தார்கள். 1987-ம் ஆண்டுக்கான முதல் நாவல் விருதே இரண்டு பேருக்குச் சமமாகப் போனது: கிங்கின் 'மிசரி', மெக்காமனின் 'ஸ்வான் சாங்'. கோப்பை ஒரு சின்னப் பேய் வீடு. அதன் கதவு திறக்கும். திறந்தால் உள்ளே பித்தளைத் தகட்டில் படைப்பின் பெயரும் எழுதியவர் பெயரும். வாங்கியவர் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கைவைப்பது அந்தக் கதவில்தான். 2016 முதல் இந்தச் சங்கம் நடத்தும் கன்வென்ஷனுக்கு ஸ்டோக்கர்கான் என்று பெயர். 2017-ல் அதை லாங் பீச்சில் நிறுத்திவைத்திருக்கும் க்வீன் மேரி கப்பலிலேயே நடத்தினார்கள்.

கூட்டம் என்றால் மனக்கசப்பும் வரும். அந்த லவ்கிராஃப்ட் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் வேர்ல்ட் ஃபேண்டஸி விருது வென்ற நெடி ஒகோராஃபர், கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தி லவ்கிராஃப்ட் எழுதிய ஒரு கவிதையைப் படித்த பிறகு, அந்த மனிதரின் தலை என் வீட்டில் இருக்கிறதே என்று வெளிப்படையாக எழுதினார். 2014-ல் எழுத்தாளர் டேனியல் ஹோசே ஓல்டர் சிலையை மாற்றக் கோரி கையெழுத்து வாங்கினார். 2015-ல் நிர்வாகம் சிலையைக் கைவிட்டது. லவ்கிராஃப்ட் ஆராய்ச்சியாளர் எஸ். டி. ஜோஷி கோபித்துக்கொண்டு தன் விருதுகளைத் திருப்பி அனுப்பினார். (ஜோஷி பிறந்தது புனேயில். லவ்கிராஃப்டுக்காக இவ்வளவு வாதாடியவர் அவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.) இப்போது கொடுப்பது நிலவைச் சுற்றி வளைந்த ஒரு மரம். என்னைக் கேட்டால், மாற்றியது சரி. லவ்கிராஃப்டைப் படிப்பதற்கும், விருது வாங்கியவர் அவர் முகத்தைத் தினமும் பார்த்தாக வேண்டும் என்று வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பாரில் புதிதாக வரும் பெண் எழுத்தாளர்களிடம் எல்லை மீறியவர்களின் கதைகளும் பல வருடம் காதோடு காதாகத்தான் இருந்தன. இப்போது நடத்தை விதி எழுதி, புகார் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் போவதாக இருந்தால் அந்த விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் ஆகாதா? ஆகும். கதை இல்லாமல் கன்வென்ஷனுக்கு மட்டும் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். பத்து வருடமாக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எழுதப்போகும் நாவலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று கதையாவது வெளிவந்த பிறகு போனால்தான் பேச ஏதாவது இருக்கும். முதல் தடவை மேசை எடுக்காதீர்கள், சும்மா போங்கள். ஒரே ஒரு கன்வென்ஷனைத் தேர்ந்தெடுத்து அதற்கே மூன்று வருடம் போங்கள். முதல் வருடம் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள், இரண்டாம் வருடம் முகம் ஞாபகம் இருக்கும், மூன்றாம் வருடம் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். கையெழுத்துப் பிரதியைக் கழிப்பறை வாசலில் எடிட்டர் கையில் திணிக்காதீர்கள், அப்படிச் செய்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களே கேட்டால் மட்டும் அனுப்புங்கள். வாசிப்பு நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் நீங்கள் ஆறாவது ஆளாகப் போய் உட்கார்ந்தால், வாசிப்பவர் அதை மறக்கமாட்டார்.

'தி பாக்ஸ்' கதைக்காக ஸ்டோக்கர் விருது பெற்ற ஜாக் கெட்சம் 2018-ல் இறந்தபோது, அவருக்கு அஞ்சலி எழுதிய இளைய எழுத்தாளர்கள் பலர் சொன்னது அவர் தங்களுக்காகச் செலவழித்த நேரத்தைத்தான். அவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பையனாக இருந்தபோது அவர் ஒரு பெரிய எழுத்தாளருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பதில் எழுதி, கதைகளைப் படித்துக் குறை சொல்லி, கடைசிவரை நண்பராக இருந்தவர் ராபர்ட் ப்ளாக்.

இன்னொன்று. ஊர் திரும்பியதும் 'கான் க்ரட்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கும் ஒரு சளிக்காய்ச்சல் நிச்சயம் பிடிக்கும், மூன்று நாள் கை குலுக்கியதற்கு அதுதான் கூலி. படுக்கப் போவதற்கு முன்னால், சட்டைப் பையில் சேர்ந்திருக்கும் விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில் யாரோடு என்ன பேசினீர்கள் என்று குறித்துவைத்துவிடுங்கள். காய்ச்சல் விட்டு எழுந்தால் பாதி முகம் மறந்திருக்கும்.